எக்ஸ்ரே சுத்தம், மாண்டூ மட்டும் பாசிட்டிவ்: எனக்கு டிபி இருக்கிறதா, இல்லையா?

தூங்காத ஆந்தை:

வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அண்ணனுக்கு மூன்று வாரத்துக்கு முன் நுரையீரல் காசநோய் என்று உறுதியானது. இரண்டு மாதமாக இருமிக்கொண்டே இருந்தார். சாயங்காலம் ஆனால் உடம்பு சுடுகிறது என்பார், ராத்திரியில் சட்டை நனைகிற அளவுக்கு வியர்க்கும், பெல்ட்டில் புது ஓட்டை போடும்படி இளைத்துப் போனார். சளியில் கிருமி தெரிந்தது, மறுநாளே மாத்திரை ஆரம்பித்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து அண்ணனுக்குத் தட்டு, டம்ளர், போர்வை எல்லாம் தனி. அம்மா அவர் தட்டைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டுத்தான் எடுக்கிறார். ஆனால் குளிர்காற்று பட்டால் இருமல் கூடிவிடும் என்று அவர் அறையின் சன்னலை இறுக்கிச் சாத்தி வைத்திருக்கிறார். போன வாரம் பார்க்க வந்த செவிலியர் முதல் வேலையாக அந்தச் சன்னலைத் திறந்தார், தட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் போனதும் அம்மா மறுபடி சாத்திவிட்டார். இதில் யார் சரி?

அடுத்தது என் கதை. வீட்டில் எல்லாரையும் பரிசோதித்தார்கள். டிபி தொற்று இருக்கிறதா என்று பார்க்க எனக்குக் கையில் போட்ட மாண்டூ ஊசி 14 மில்லிமீட்டர் தடித்தது. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை, இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை. மருத்துவர் "தொற்று இருக்கிறது, நோய் இல்லை" என்றார், ஆனாலும் தடுப்பு மாத்திரை எடுக்கச் சொன்னார். தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன், ஆனால் வீட்டுக்கு வந்து யோசித்தால் சத்தியமாகப் புரியவில்லை. கிருமி உள்ளே இருக்கிறதென்றால் நோய் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? என் பையனுக்கு மூன்று வயது, என்னோடுதான் தூங்குகிறான். நான் அவனுக்குக் கொடுத்துவிடுவேனா?

இன்னொன்று, பாட்டியும் சயரோகத்தில்தான் போனாராம். பரம்பரையாக வருகிறதோ என்று சித்தி கேட்கிறார். சிறு வயதில் பிசிஜி தடுப்பூசி போட்ட தழும்பு எங்கள் இரண்டு பேர் தோளிலும் இருக்கிறது, அப்படியானால் அது எதற்கு?

---

நுண்ணோக்கி:

ஆய்வகத்தில் வேலை, சளி ஸ்லைடு பார்ப்பதுதான் பிழைப்பு. மருத்துவர் இல்லை, அதனால் மருந்து விஷயத்தில் உங்கள் மருத்துவர் சொல்வதே முடிவு. கிருமியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலில் சன்னல். செவிலியர்தான் சரி. நுரையீரல் டிபி உள்ளவர் இருமும்போது, தும்மும்போது, உரக்கப் பேசும்போது கூட, நுண்ணிய துளிகள் வெளியே வருகின்றன. பெரிய துளிகள் கீழே விழுந்துவிடும். சிறியவை அங்கேயே காய்ந்து, ஒன்று முதல் ஐந்து மைக்ரான் அளவுத் துணுக்குகளாகக் காற்றில் மிதக்கும், மூடிய அறையில் மணிக்கணக்காக. ஆள் எழுந்து போன பிறகும் அந்த அறைக் காற்றில் அவை இருக்கும். மூக்கு, தொண்டை எதிலும் ஒட்டாமல் நுரையீரலின் கடைசி நுண்ணறை வரை போகத் தோதான அளவு அது. அங்கே போய்ச் சேர்ந்தால்தான் கிருமிக்கு வாழ்க்கை. தட்டில், டம்ளரில், துணியில் ஒட்டியதற்கு அந்த வழி கிடைப்பதில்லை. கை குலுக்கினால் வராது, சேர்ந்து சாப்பிட்டால் வராது. (காய்ச்சாத பாலில் மாட்டுக் காசநோய்க் கிருமி வரலாம், அது வேறு கிருமி, வேறு கதை.)

இதைச் சும்மா ஊகித்துச் சொல்லவில்லை. 1950களின் கடைசியில் பால்டிமோரில் ரைலி என்பவரும் கூட்டாளிகளும் ஒரு டிபி வார்டின் காற்றைக் குழாய் வழியாக மேலே கொண்டுபோய் கினிப்பன்றிகள் இருந்த அறைக்குள் விட்டார்கள். நோயாளிகளுக்கும் அந்தப் பிராணிகளுக்கும் இடையே காற்றைத் தவிர எந்தத் தொடர்பும் கிடையாது. அவற்றுக்குத் தொற்றியது. அதே காற்றைப் புற ஊதா விளக்கு வழியாக அனுப்பியபோது தொற்றவில்லை. எனக்கு இந்தத் துறையிலேயே ரொம்பப் பிடித்த சோதனை இது, பாவம் கினிப்பன்றிகள்.

ஆக, அம்மா தட்டுக்கு எடுக்கிற அக்கறையில் பாதியைச் சன்னலுக்கு எடுத்தால் போதும். காற்று ஓடினால் கிருமி நீர்த்துப் போகும், வெயில் விழுந்தால் இன்னும் நல்லது.

இனி தொற்று, நோய் குழப்பம். உள்ளே போன கிருமியை நுரையீரலில் இருக்கிற மேக்ரோபேஜ் என்ற விழுங்கும் அணுக்கள் முழுங்கும். மற்ற கிருமிகள் அந்த வயிற்றுக்குள் செரித்துப் போகும். இது மெழுகுச் சட்டை போட்ட கிருமி. செரிக்கிற அமிலப் பை தன்னோடு வந்து சேராதபடி தடுத்துக்கொண்டு, முழுங்கியவனுக்குள்ளேயே குடியிருக்கும். உடம்பும் விடாது, மேலும் மேலும் அணுக்களை அனுப்பி அதைச் சுற்றிக் கோட்டை மாதிரி ஒரு முடிச்சுக் கட்டிவிடும். கிரானுலோமா என்பது அதுதான். உள்ளே இருப்பது சாகவும் இல்லை, வெளியே வரவும் இல்லை. உங்கள் நிலை இப்போது அதுதான். உங்கள் நுரையீரலில் இருந்து காற்றுக்குக் கிருமி வரவில்லை. ஆகவே உங்களிடமிருந்து பையனுக்குப் போகாது. அவனோடு தாராளமாகத் தூங்குங்கள்.

உலக மக்களில் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்குப் பேருக்கு இந்தத் தொற்று ஒரு முறையாவது நடந்திருக்கிறது என்று கணக்கிடுகிறார்கள். அவர்களில் வாழ்நாளில் நோயாக மாறுவது நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கு. அதிலும் பெரும்பகுதி தொற்றிய முதல் இரண்டு வருடத்துக்குள். நீங்கள் அந்த இரண்டு வருடத்துக்குள் இருக்கிறீர்கள், அதனால்தான் மருத்துவர் உங்களை விடாமல் பிடிக்கிறார். எச்ஐவி, சர்க்கரை நோய், சத்துக்குறைவு, புகை, குடி, நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்துகள் எல்லாம் அந்தக் கோட்டையை இடிக்கிற ஆட்கள். எச்ஐவிக்கு மருந்து எடுக்காதவருக்கு, வாழ்நாளுக்குச் சொன்ன அந்தப் பத்துச் சதவீத ஆபத்து ஒவ்வொரு வருடமும் வருகிறது.

மாண்டூ பற்றி ஒரு வார்த்தை. அது உங்கள் உடம்பு இந்தக் கிருமியைப் பார்த்துப் பழகியிருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும். இப்போது நோய் இருக்கிறதா என்று அதைக் கேட்டால் பதில் வராது. ஊசி போட்டு 48 முதல் 72 மணி நேரத்துக்குள் பார்க்க வேண்டும், சிவப்பை அளக்கக் கூடாது, விரலால் தடவித் தெரிகிற தடிப்பைத்தான் அளக்க வேண்டும். பிசிஜி போட்டவர்களுக்கும் சில சமயம் தடிக்கும், இன்டர்ஃபெரான் காமா என்கிற ரத்தப் பரிசோதனையில் அந்தக் குழப்பம் வராது. ஆனால் ஒரே வீட்டில் இரண்டு மாதம் இருமிய அண்ணனை வைத்துக்கொண்டு 14 மில்லிமீட்டரைப் பிசிஜி தலையில் கட்டுவதில் எனக்குச் சம்மதமில்லை.

---

வெட்டிப்பேச்சு:

நோயே இல்லாதவருக்கு மாத்திரையா? இதெல்லாம் கம்பெனிக்காரன் வேலை. டிபி எல்லாம் அந்தக் காலத்து வியாதி, இப்போது சத்தாகச் சாப்பிட்டால் ஓடிவிடும். மாத்திரை ஈரலைக் கெடுக்கும் என்று அதன் அட்டையிலேயே போட்டிருக்கிறது.

---

ஆறுமாசக்காரன்:

வெட்டிப்பேச்சு அண்ணே, அந்தக் காலத்து வியாதி 2023-ல் மட்டும் உலகத்தில் ஏறக்குறைய 1 கோடியே 8 லட்சம் பேரைப் பிடித்தது, 12.5 லட்சம் பேர் செத்தார்கள். நான் அந்தக் கணக்கில் முதல் எண்ணோடு நின்றேன், இரண்டாவதில் சேராததற்கு அந்த மாத்திரைதான் காரணம். ஈரல் விஷயம் பொய்யில்லை, அதையும் சொல்கிறேன். எனக்கே நடந்தது.

எனக்கு முதலில் இரண்டு மாதம் இருமல் மருந்தாகவே கொடுத்தார்கள், எந்த இடம் என்பது இப்போது எதற்கு. நடுவில் ஃபுளூரோகுயினலோன் வகை ஆன்டிபயாட்டிக் ஒன்று கொடுத்தார்கள், பத்து நாள் நன்றாக இருந்தது, எல்லாரும் சந்தோஷப்பட்டோம், அப்புறம் முன்னைவிட மோசம். பின்னால்தான் தெரிந்தது, அந்த வகை மருந்து டிபி கிருமியையும் கொஞ்சம் அடிக்குமாம், ஆனால் ஒழிக்காதாம். அறிகுறி அமுங்கி, கண்டுபிடிப்பது இன்னும் தள்ளிப் போகும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளியைப் பரிசோதிக்கச் சொல்லி நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள், வெட்கப்படாதீர்கள்.

ஆந்தை, அண்ணனிடம் சொல்லி வையுங்கள்: மாத்திரை ஆரம்பித்ததும் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். ரிஃபாம்பிசின் என்ற டிபி மாத்திரையின் சாயம் அது, வியர்வையில், கண்ணீரில் கூட வரும். எனக்கு யாரும் சொல்லாததால் ரத்தம் என்று நினைத்து அரை நாள் கழிப்பறையை விட்டு வெளியே வரவில்லை. அது ஒன்றும் இல்லை. ஆனால் கவனிக்க வேண்டியவை உண்டு. சாப்பாட்டை நினைத்தாலே குமட்டுவது, வாந்தி, கண் மஞ்சளாவது என்றால் அன்றே போய்க் காட்ட வேண்டும். எனக்கு நாலாவது வாரத்தில் அப்படி ஆனது. எல்லா மாத்திரையையும் நிறுத்தி, ரத்தப் பரிசோதனையில் ஈரல் அளவு இறங்கிய பிறகு ஒவ்வொரு மருந்தாகத் திரும்பச் சேர்த்தார்கள். நிறுத்தியதும் அவர்கள், ஆரம்பித்ததும் அவர்கள். நானாக எதையும் செய்யவில்லை. சிவப்பு, பச்சை குழம்பிப் போனாலோ பார்வை மங்கினாலோ எத்தாம்பியூட்டால் என்ற மாத்திரை காரணமாக இருக்கலாம், கால் விரல் மரத்துப் போனால் ஐசோனியாசிட் என்ற மாத்திரை, அதற்கு பி6 வைட்டமின் கொடுப்பார்கள். வேறு ஏதாவது நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும், ரிஃபாம்பிசின் பல மருந்துகளின் வேலையைக் குறைத்துவிடும், கருத்தடை மாத்திரை உட்பட.

பக்கவிளைவைக் கூடத் தாங்கிவிடலாம், எனக்கு உண்மையான சோதனை மூன்றாவது மாதத்தில்தான் வந்தது. எடை ஏறிவிட்டது, இருமல் போன இடம் தெரியவில்லை, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கவில்லை. எதற்கு இன்னும் விழுங்குகிறோம் என்று தோன்றியது. நாலு நாள் விட்டேன். ஐந்தாம் நாள் மாத்திரை அட்டையை எண்ணிப் பார்த்த அக்கா போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

---

நுண்ணோக்கி:

அந்த அக்காவுக்கு ஒரு கும்பிடு. அவர் ஏன் சத்தம் போட்டார் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

வயிற்றுப்போக்குக் கிருமிகளில் சில இருபது நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டாகும். இந்தக் கிருமி இரண்டாக ஏறக்குறைய இருபது மணி நேரம் எடுக்கும். சோம்பேறி. அதனால்தான் எங்கள் ஆய்வகத்தில் அதை வளர்த்துப் பார்க்க வாரக்கணக்கில் காத்திருக்கிறோம். மருந்துகளில் பல கிருமி சுறுசுறுப்பாக இருக்கும்போதுதான் நன்றாகக் கொல்லும். முதல் இரண்டு மாதத்தில் நான்கு மருந்து சேர்ந்து துடிப்பானவற்றை அடித்துவிடுகின்றன, உங்களுக்குத் தெம்பு வருகிறது. பாதித் தூக்கத்தில் இருப்பவை மீதி. அவை எப்போதாவது கண் விழிக்கும்போது மருந்து அங்கே இருக்க வேண்டும். மீதி நான்கு மாதம் அந்தக் காவலுக்குத்தான்.

இப்போது கணக்கு. ஐசோனியாசிட்டுக்கு அசையாத கிருமி இயற்கையாகவே பத்து லட்சத்தில் ஒன்று இருக்கும். ரிஃபாம்பிசினுக்கு அசையாதது பத்துக் கோடியில் ஒன்று. நுரையீரலில் குழி விழுந்த ஒருவரிடம் பத்துக் கோடிக் கிருமி வரை இருக்கலாம். ஒரு மருந்தை மட்டும் கொடுத்தால் என்ன ஆகும்? மற்றதெல்லாம் செத்து, அந்த மருந்துக்கு அடங்காத நூறு கிருமி மட்டும் காலி மைதானத்தில் வளரும். இரண்டு மருந்துக்கும் ஒரே சமயத்தில் அடங்காதது இருக்க வாய்ப்பு கோடிக்குக் கோடியில் ஒன்று, அப்படி ஒன்று யார் நுரையீரலிலும் இருக்காது. கூட்டு மருந்தின் சூட்சுமம் இவ்வளவுதான். இதை ஊகித்து வரவில்லை, அடிபட்டுத்தான் கற்றார்கள்: 1940களில் ஸ்ட்ரெப்டோமைசின் தனியாகக் கொடுத்தபோது நோயாளிகள் முதலில் தேறி, அப்புறம் பலருக்கு அந்த மருந்தே வேலை செய்யாமல் போனது.

விட்டுவிட்டுச் சாப்பிட்டால், நான்கு மருந்து எழுதிக் கொடுத்தும், உடம்புக்குள் ஒற்றை மருந்து நிலைமையை நாமே உண்டாக்கிவிடுகிறோம். இரண்டு முக்கிய மருந்துக்கும் அடங்காமல் போனால் அதன் பெயர் எம்டிஆர். இப்போது அதற்கும் ஆறு மாத மாத்திரைச் சிகிச்சை வந்திருக்கிறது, உலக சுகாதார நிறுவனம் 2022-ல் பரிந்துரைத்தது. ஆனால் அங்கே போய்ச் சேர யாரும் ஆசைப்பட மாட்டார்கள். அப்படிப்பட்ட கிருமி இருமலில் அடுத்தவருக்குப் போனால், ஒரு மாத்திரை கூடத் தவறவிடாத அந்த ஆளுக்கு முதல் நாளிலிருந்தே எம்டிஆர்.

அண்ணனுக்கு ஜீன்எக்ஸ்பர்ட் என்ற சளிப் பரிசோதனை பார்த்தார்களா என்று கேளுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் கிருமி இருக்கிறதா, ரிஃபாம்பிசினுக்கு அடங்குமா என்று இரண்டையும் சொல்லிவிடும். நாங்கள் நுண்ணோக்கியில் பார்ப்பதற்கு ஒரு மில்லி சளியில் குறைந்தது ஐந்தாயிரம், பத்தாயிரம் கிருமி இருக்க வேண்டும், அதற்குக் கீழே இருந்தால் எங்கள் கண்ணுக்குத் தப்பிவிடும்.

---

மலைப்பாதை:

ஆந்தை அவர்களே, குழந்தை விஷயத்தை யாரும் சரியாகத் தொடவில்லை. நான் பல வருடம் டிபி நோயாளிகளின் வீடு வீடாகப் போன செவிலியர்.

உங்களிடமிருந்து அவனுக்குப் போகாது என்பது சரி. ஆனால் அவனும் அதே வீட்டில் பெரியப்பாவின் காற்றைத்தான் இரண்டு மாதம் சுவாசித்தான். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குக் கோட்டை கட்டுகிற திறமை இன்னும் சரியாக வருவதில்லை. தொற்று சீக்கிரம் நோயாகலாம், ரத்தத்தில் பரவி மூளை உறை வரை போகலாம். அதனால் பெரியவர்களுக்குப் பார்க்கிற மாதிரி மாண்டூ தடிக்கட்டும் என்று காத்திருக்காமல், நோய் இல்லை என்று பார்த்து உறுதி செய்துகொண்டு தடுப்பு மருந்து ஆரம்பித்துவிடுவார்கள். தொற்றிய பிறகு மாண்டூ தடிக்கவே எட்டு வாரம் வரை ஆகலாம், இன்று தடிக்கவில்லை என்பதை வைத்து நிம்மதி அடைய முடியாது. இதை அடுத்த மாதம் என்று தள்ளாதீர்கள். இந்த வாரமே கூட்டிப் போங்கள்.

பிசிஜியின் வேலையும் இங்கேதான். கால்மெட், கெரான் என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் மாட்டுக் கிருமியை 13 வருடம், 230 முறை மாற்றி மாற்றி வளர்த்து வீரியத்தைக் குறைத்து உருவாக்கியது, 1921-ல் முதல் குழந்தைக்குக் கொடுத்தார்கள். மூளை உறைக் காசநோய் மாதிரி கொடிய வகைகளிலிருந்து சிறு குழந்தைகளை அது நன்றாகக் காக்கும். பெரியவர்களின் நுரையீரல் டிபிக்கு அதை நம்பி இருக்க முடியாது. உங்கள் அண்ணன் தோள் தழும்பு பொய்யில்லை, அதன் காலம் முடிந்துவிட்டது.

பரம்பரைக் கேள்விக்கு: உங்கள் சித்தி மட்டுமில்லை, ஐரோப்பாவில் பெரிய பெரிய மருத்துவர்களே அப்படித்தான் நம்பினார்கள். ஒரே குடும்பத்தில் ஒருவர் பின் ஒருவராகச் சாகிறார்கள், வேறு எப்படி நினைப்பது? 1865-ல் வில்மான் என்ற பிரெஞ்சு மருத்துவர் நோயாளியின் திசுவை முயலுக்கு ஏற்றித் தொற்றும் என்று காட்டினார், பலர் ஏற்கவில்லை. 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் ராபர்ட் காக் கிருமியையே சாயமேற்றிக் காட்டிய பிறகுதான் வாய் அடைத்தது. குடும்பத்துக்குள் கைமாறியது ரத்தம் இல்லை, ஒரே கூரைக்குக் கீழே இருந்த காற்று. பாட்டியின் டிபிக்கும் அண்ணனின் டிபிக்கும் முடிச்சுப் போட எதுவும் இல்லை.

அண்ணனைத் தனியாக ஒதுக்க வேண்டுமா என்பதற்கு நான் எப்போதும் சொல்வது ஒரு சென்னைக் கதை. 1950கள் வரை டிபி என்றால் சானடோரியம் என்கிற தனி ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும், மாதக்கணக்கில், வருடக்கணக்கில். 1956-ல் சென்னையில் ஒரு ஆய்வு தொடங்கினார்கள்: ஏழை நோயாளிகளில் பாதிப் பேரை நல்ல சாப்பாடும் ஓய்வும் உள்ள சானடோரியத்தில் வைத்து, மீதிப் பேரை நெருக்கடியான அவர்கள் வீட்டிலேயே வைத்து, இரு தரப்புக்கும் ஒரே மாத்திரையை ஒரு வருடம் கொடுத்தார்கள். 1959-ல் முடிவு வந்தது. குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை. இன்னும் முக்கியமானது, வீட்டில் இருந்த நோயாளிகளின் குடும்பத்தாருக்குக் கூடுதலாக டிபி வரவில்லை. மருந்து உள்ளே போனதும் பரப்பும் சக்தி மளமளவென்று இறங்கிவிடுகிறது, தொற்ற வேண்டியது பெரும்பாலும் கண்டுபிடிப்பதற்கு முன்பே தொற்றி முடிந்திருக்கிறது. உலகத்தில் பல சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு அந்த ஆய்வும் ஒரு காரணம். வெட்டிப்பேச்சு சொன்ன சத்தான சாப்பாட்டுக்கும் அதில் பதில் இருக்கிறது: சாப்பாடு முக்கியம்தான், சத்துக்குறைவு நோயை வரவழைக்கும். ஆனால் அந்த ஆய்வில் நல்ல சாப்பாடு சானடோரியத்தில்தான் கிடைத்தது, குணமானதோ இரு தரப்பிலும்.

ஆக, மருந்துக்கு அடங்கும் கிருமி என்று உறுதியாகி ஒழுங்காக மாத்திரை எடுத்தால், முதல் இரண்டு மூன்று வாரம் அண்ணன் தனி அறையில் தூங்கட்டும், ஆள் இருக்கும்போது முகக்கவசம் போடட்டும், சன்னல் திறந்திருக்கட்டும். அப்புறம் கூடத்தில் எல்லாரோடும் உட்காரட்டும்.

---

வெட்டிப்பேச்சு:

சரி, ஒத்துக்கொள்கிறேன். ஒரு சந்தேகம். எங்கள் மாமாவுக்கு முதுகெலும்பில் டிபி என்றார்கள், இருமலே இல்லை. அது இதேதானா? அவரையும் தனி அறையில் போட்டிருந்தார்கள்.

---

நுண்ணோக்கி:

இதேதான். ரத்தத்திலோ நிணநீரிலோ போய் எங்கே வேண்டுமானாலும் உட்காரும், முடியும் நகமும் தவிர என்று எங்கள் வாத்தியார் சொல்வார். எகிப்திய மம்மிகளின் முதுகெலும்பிலேயே இதன் தடம் இருக்கிறது. கழுத்தில் நெறிகட்டி வீங்குவதைக் கண்டமாலை என்று நம் ஆட்கள் அந்தக் காலத்தில் சொன்னதில் பல இதுவாகத்தான் இருந்திருக்கும். நுரையீரலிலோ குரல்வளையிலோ இல்லாவிட்டால் காற்றில் வர வழி கிடையாது. நுரையீரலில் இல்லை என்று பார்த்துவிட்டிருந்தால் மாமாவைச் சும்மா தண்டித்திருக்கிறார்கள்.

---

தூங்காத ஆந்தை:

ஒன்றரை மாதம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். அண்ணனுக்கு ஜீன்எக்ஸ்பர்ட் பார்த்திருந்தார்கள், ரிஃபாம்பிசினுக்கு அடங்குகிற கிருமிதான். இரண்டாம் மாதச் சளியில் கிருமி இல்லை. இன்னும் நான்கு மாதம், மாத்திரை அட்டையை எண்ணுகிற வேலை என்னுடையது.

மலைப்பாதை அம்மா சொன்ன அந்த வாரமே பையனைக் கூட்டிப் போனேன். நோய் இல்லை, தடுப்பு மருந்து ஓடுகிறது. தண்ணீரில் கரைகிற மாத்திரை, ஆனாலும் தினமும் ஒரு யுத்தம். நானும் என் தடுப்பு மாத்திரையை அவன் முன்னால் உட்கார்ந்து விழுங்குகிறேன், அப்படியானால் அவனும் குடித்துவிடுகிறான்.

அம்மா இன்னும் தட்டைக் கொதிக்க வைக்கிறார். பேசிப் பார்த்து விட்டுவிட்டேன். சன்னல் விஷயத்தில் மட்டும் அண்ணனே எழுந்து போய்த் திறந்துவிடுகிறார், ராத்திரி போர்வை இரண்டு. பையனுக்கு எடை ஏறியிருக்கிறது, மருந்தின் அளவை மாற்ற வேண்டியிருக்கலாம் என்றார்கள், புதன்கிழமை போகிறோம்.